ஸ்கேல் டவுன் பாடம்

மகள் கிரான்பர்ன் என்ற புறநகருக்கு அங்கால் ஒரு பள்ளிக்கூடத்தில் விவசாயம் படிப்பிக்கிறாள். நான் இதை யாரிடமும் சொல்வேன். மனைவி சொல்ல மாட்டாள். கோயிலில் கேட்டால் "சயன்ஸ் ரீச்சர்" என்றுவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். மகளுக்கு டொக்டருக்குப் போக மார்க்ஸ் காணாது என்று தெரிந்த அன்றைக்கு அவள் சமைக்கவேயில்லை. நான்தான் முட்டை பொரித்தேன். அதுவும் கருகிப்போனது, அதை விடுவோம்.

போன வருசம் விவசாய ஆசிரியர்களுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு பயிற்சி வைத்தார்கள். வெயிலும் மழையும் முந்தி மாதிரி இல்லை அல்லவா, அதற்கு ஏற்றபடி பயிர் செய்வதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பிப்பது என்று. தண்ணீரை மிச்சம் பிடிப்பது, மண்ணை வெறுமையாகக் கிடக்க விடாமல் மூடி வைப்பது, கடும் வெயிலில் மாட்டுக்கு நிழல் செய்வது, இப்படி. 'கிறீன் ஸ்கில்ஸ்' என்று பெயர். நானும் கூடப் போவேன். வீட்டில் இருந்தால் மனைவியோடு சீரியல் பார்க்க வேண்டும்.

ஒரு பண்ணைக் கொட்டகையில் பின்னால் கதிரை போட்டு இருப்பேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இங்கே வந்து கோழித் தொழிற்சாலையில்தான் காலம் போனது. அவர்கள் பேசுகிற இங்கிலீஷ் பாதிதான் விளங்கும். ஆனால் வயது வந்த ஆசிரியர்கள் முழங்காலில் நின்று மண்ணைக் கிண்டிக்கொண்டு வாக்குவாதப்படுவதைப் பார்க்க இங்கிலீஷ் எதற்கு? மகள் அங்கே நன்றாகச் சிரித்தாள். வீட்டில் அப்படிச் சிரிக்க மாட்டாள்.

ஒரு சிக்கல் இருந்தது. மேல்வகுப்பில் போதிய பிள்ளைகள் விவசாயப் பாடத்தை எடுத்தால்தான் அடுத்த வருசம் வகுப்பு நடக்கும்.

பெற்றோர் வந்து பாடங்களைப் பார்க்கிற நாளில் மகள் இரண்டு தட்டங்களில் மண் வைத்தாள்; தூக்கிக்கொடுக்க நானும் போயிருந்தேன். ஒன்று வெறும் மண், மற்றதற்கு மேலே வைக்கோல். இரண்டிலும் தண்ணீர் ஊற்றினால் ஒன்றிலிருந்து சேறு ஓடும், மற்றதிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டும். ஒரு தமிழ்த் தகப்பன் தன் மகளோடு வந்து நின்றார். அந்தப் பிள்ளை கேட்காமலே கையை மண்ணுக்குள் விட்டுவிட்டாள்.

"எங்கட அப்பா வெங்காயத் தோட்டம் செய்தவர், ரீச்சர்," என்றார் தகப்பன். "உந்த வைக்கோலுக்குள்ள பூச்சி வராதோ?"

"வரும் அண்ணை. முதல்ல நத்தையைத்தான் பாக்கவேணும்."

அவர் விடவில்லை. கேள்விக்கு மேல் கேள்வி. பின்னால் வந்தவர்கள் சலித்துப்போய்ப் பக்கத்து மேசைக்குப் போனார்கள். எனக்கு உள்ளுக்குள் நல்ல சந்தோசம்.

"எல்லாம் சரி, ரீச்சர். ஸ்கேலிங் எப்படி? ஸ்கேல் அப் ஆகுமோ, டவுன் ஆகுமோ?"

இந்த ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்ஸை அப்படியே எடுக்க மாட்டார்கள். பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும்போது சில பாடத்துக்குக் கூட்டுவார்கள், அது அப்; சிலதுக்குக் குறைப்பார்கள், அது டவுன். எங்கள் ஆட்கள் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றும் இதைத்தான் கதைப்பார்கள்.

"டவுன்தான் அண்ணை," என்றாள் மகள்.

"டாட், எனக்கு இது ஓகே," என்றாள் அந்தப் பிள்ளை.

"நீ பேசாம இரு. கெமிஸ்ட்ரி போடுவம்." பிறகு என் மகளைப் பார்த்து, "குறை நினைக்காதேங்கோ ரீச்சர். எனக்கு இது நல்ல விருப்பம். உந்த வைக்கோல் எங்க வாங்கினனீங்கள்? வீட்டுத் தக்காளிக்குப் போடலாம்."

மகள் கடையைச் சொன்னாள். பிள்ளை கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வந்தவர்கள் மண்ணைப் பார்க்க முதலே ஸ்கேலிங்கைக் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மகள் குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற தாயிடம் கேட்டாள். "அம்மா, நீங்கள் கோயில்ல ஒருக்காவது விவசாயம் எண்டு சொன்னா என்ன?"

"சொன்னா உடனே ஸ்கேல் அப் ஆகுமே?" என்றாள் மனைவி.

மகள் இரண்டு மண் தட்டங்களையும் கழுவத் தொடங்கினாள்.

சில கிழமைக்குப் பிறகு அதிபர் மகளைக் கூப்பிட்டார். போதிய பிள்ளைகள் சேரவில்லை, வகுப்பு இல்லை, கணக்குப் பாடம் எடுக்கச் சொன்னாராம். அவள் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இருந்தாள்.

"அப்ப நீ சனிக்கிழமையெல்லாம் போய்ப் படிச்சது?" என்று கேட்டேன்.

"அதை நல்லாச் செய்தனானாம் அப்பா. அடுத்த வருசம் வேற பள்ளிக்கூட ரீச்சர்மாருக்கு அந்தப் பயிற்சியை என்னைப் படிப்பிக்கச் சொல்லுகினம்."

"அவையளிட்ட இந்தப் பாடத்துக்குப் பிள்ளையள் இருக்கினமோ?"

"கேக்கேல்லை அப்பா," என்றாள். "ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."