அந்த வெளிச்சத்தில் அப்பா இல்லை

பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால், மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானங்கள் தெரியும். அப்பா மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஆகவே தெருவுக்கு மேலே போகிற அத்தனை விமானத்துக்கும் கையாட்டும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டிருந்தேன். டெல்லிக்காரர்களுக்கும் பம்பாய்க்காரர்களுக்கும் எவ்வளவு கையாட்டியிருப்பேனோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அப்பா வருவதாக இருந்தது. சாயங்கால விமானம். மதியமே புது கவுன் போட்டுக்கொண்டு, ஏர்போர்ட்டுக்குப் போகலாம் என்று அம்மாவை நச்சரித்தேன். அங்கே கூட்டமாக இருக்கும், மாடியிலிருந்தே பார் என்றாள்.

மாடியில் மாமா காகித ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தார். வழக்கமாக அதை அப்பா வந்துதான் கட்டுவார். "அப்பா வந்து கட்டட்டுமே மாமா" என்றேன். அவர் ஒயரைப் பல்லால் சீவினார். அம்மா கொடியிலிருந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

சூரியன் அப்போதுதான் மறைந்திருந்தது. வண்டலூர்ப் பக்கமிருந்து பச்சையும் வெள்ளையுமாக ஒரு நெருப்புருண்டை வானத்தைக் கடந்து வந்தது. ஏரித் தண்ணீரெல்லாம் ஒரு கணம் வெளிச்சமானது. பிறகு அது துண்டு துண்டாகச் சிதறி அணைந்துபோனது.

"அப்பா பிளேன் எரியுது" என்று அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாமா கையிலிருந்த ஸ்டார் கீழே விழுந்தது. "இன்னா இது" என்றார். அம்மா துணிகளைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அழாதடி. அதுல அப்பா இல்ல."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியும்."

அவள் குரலில் கொஞ்சம்கூடச் சந்தேகமில்லை. ஆனால் என் தலைமுடி நனைந்துகொண்டிருந்தது. பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு லீவு இல்லையென்று மத்தியானமே போன் வந்ததும், என்னிடம் சொல்ல அவளுக்கு வாய் வராமல் போனதும் எனக்குத் தெரியவந்தபோது நான் காலேஜில் இருந்தேன்.

மறுநாள் டீச்சர் அதை எரிகல் என்றார். எனக்கு அதில் அக்கறையில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தே உள்ளே யார் இல்லை என்று சொல்லிவிடுகிற அம்மா வேறு யாருக்கு இருக்கிறாள்? அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவளை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "இதுல இருக்காராம்மா, பார்த்துச் சொல்லு" என்பேன். அவள் மாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்ப்பாள். அது கண்ணுக்கு மறைகிற வரை பார்த்துவிட்டு, "இதுலயும் இல்லடி" என்பாள். நான் உடனே அடுத்ததைக் காட்டுவேன்.