பிச்சம்மாளின் மூங்கில் குழாய்

கேரளத்தில் கல்லாற்றுக்கு மேலே, ஜீப்பும் ஏறாத சரிவில் மாடு வளர்ப்பவர்களுக்கு முதல் வைத்தியம் பிச்சம்மாள்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலை கிள்ள வந்த குடும்பம். முழங்கால் கெட்டபின் தோட்டத்தை விட்டு இறங்கி, ஒரு ஜெர்சிப் பசுவை வைத்துப் பிழைத்தாள். பால் ஆற்றோரத்து டீக்கடைகளுக்குப் போகும்.

மாட்டு டாக்டர் கீழே வித்துரா பக்கத்திலிருந்து வரவேண்டும். இத்தனை மலைக்கும் ஒருவர்தான். அதனால் எந்தத் தொழுவத்தில் மாடு சுணங்கினாலும் பிச்சம்மாளைக் கூப்பிடுவார்கள். சுக்கும் மிளகும் கருப்பட்டியும் காய்ச்சி, மூங்கில் குழாயை மாட்டின் கடைவாயில் செருகி, தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றுவாள். ஒரு சொட்டு வெளியே சிந்தாது.

போன ஆனியில் அவளுடைய பசு கன்று போட்ட மறுநாளே படுத்துவிட்டது. காதுகள் சில்லிட்டிருந்தன. கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக்கொண்டு கிடந்தது. கணவன் திரவியம் செல்போன் சிக்னல் கிடைக்கும் வளைவு வரை இறங்கி டாக்டரைக் கூப்பிட்டான். மழையில் அவர் நடந்து ஏறி வரும்வரை பிச்சம்மாளால் சும்மா இருக்க முடியவில்லை. ஊற்றினாள்.

டாக்டர் ஆர்யா இளம்பெண். வந்ததும் பசுவின் கழுத்து நரம்பில் கால்சியம் ஏற்றினாள். பாட்டில் தீருமுன் பசு நடுங்கியது, ஏப்பம் விட்டது, எழுந்து நின்றது.

“டாக்டரே, இந்தப் பேருல பாதி எங்க அக்கா கஷாயத்துக்காக்கும்” என்றான் பக்கத்து வீட்டு ஷிபு.

அவன் போனபின் பசு இருமியது. மூக்கில் கருப்பட்டி நிறத்தில் நுரை வந்தது.

“கஷாயம் ஊத்தினீங்களா அம்மா?”

“ஊத்தினேன் மோளே.”

“இந்தத் தீனத்துல மாட்டுக்கு விழுங்கப் பலம் இருக்காது. ஊத்தினது நுரையீரலுக்குப் போயிருக்கு. நோக்கலாம்.”

ஊசி போட்டுவிட்டு இறங்கினாள். அடுத்த வாரம் பசு மூச்சு முட்டிச் செத்தது.

சரிவில் பேச்சு வேறாக இருந்தது. கஷாயத்தில் எழுந்த மாட்டை ஊசி கொன்றுவிட்டது என்றார்கள். பிச்சம்மாள் மறுக்கவில்லை.

“உள்ளதைச் சொல்லிரு பிள்ளே” என்றான் திரவியம்.

“எதைச் சொல்ல? எங்கையால கொன்னேன்னா?”

ஆவணியில் ஷிபுவின் பசு கன்று போட்டது. இரண்டாம் நாள் உச்சி வெயிலில் அவன் வந்து நின்றான்.

“அக்கா, குழாயை எடுத்துட்டு வாங்க. பசு படுத்துட்டு. ரெம்யா அடுப்புல சுக்கு போட்டாச்சு.”

“எப்பம் படுத்துச்சு?”

“வெளுப்பிலயே, விடியறப்பவே.”

“டாக்டரை விளிச்சியா?”

“எதுக்கு? உங்க மாட்டைக் கொன்ன ஊசியை என் மாட்டுக்கும் போடவா?”

பிச்சம்மாள் குழாயை எடுக்காமல் போனாள். பசு பக்கவாட்டில் சரிந்து, வயிறு உப்பிக் கிடந்தது. ஷிபுவின் பெண்டாட்டி ரெம்யா கஷாயச் சட்டியோடு வந்தாள்.

“ஊத்தாதே” என்றாள் பிச்சம்மாள். “எம் மாட்டைக் கொன்னது ஊசி இல்ல. நான் ஊத்தினது நெஞ்சுக்குள்ள போயித்தான் செத்துச்சு. டாக்டரம்மா அன்னைக்கே சொன்னா.”

ஷிபு வளைவை நோக்கி ஓடினான். ஆர்யா வேறொரு மலையில், பசுவின் வயிற்றில் சிக்கிய கன்றை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் வருவதாகப் போனில் சொன்னாள்.

பெண்கள் இருவரும் பசுவை நிமிர்த்தி, வைக்கோல் மூட்டைகளை அண்டை கொடுத்தார்கள். பிச்சம்மாள் அதன் தலையை மடியில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணோரம் விரல் பட்டும் பசு இமைக்கவில்லை.

ஆர்யா ஏறி வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. பசுவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். துடிப்பு நின்றிருந்தது. பையைத் திறக்கவில்லை.

“வெளுப்பிலயே விளிச்சிருந்தா ஒரு பாட்டில் போதும்” என்றாள் ஷிபுவிடம்.

கத்திக்கொண்டிருந்த கன்றை அவிழ்த்துக்கொண்டே ரெம்யா கேட்டாள்.

“ஆனியிலேயே இதைச் சொல்லியிருக்கலாம்லா அக்கா?”

பசுவின் தலை இன்னும் பிச்சம்மாளின் மடியில்தான் இருந்தது.