தொட்டிலில் டியூஷன்

தூங்குகிற பிள்ளையை எழுப்பினால் எந்த வீட்டிலும் திட்டுதான் விழும். அதையே செய்து சம்பளம் வாங்குகிறவர் ஒருவர் உண்டு. குறைமாதக் குழந்தைகள் வார்டில் அவருக்குக் கிலுகிலுப்பை அக்கா என்று பெயர். பிசியோதெரபி படித்தவர். பையில் ஒரு கிலுகிலுப்பை, சின்ன மணி, சிவப்புப் பந்து, டார்ச். "இந்த வயசுல பொம்மை தூக்கிட்டு வேலைக்குப் போறவ நீ ஒருத்திதான்" என்பார் வீட்டுக்காரர். அக்கா காதில் போட்டுக்கொள்வதில்லை.

வேலை இதுதான். தூங்கும் குழந்தையின் காதருகே கிலுக்குவார். முதல் தடவை அதற்குத் தூக்கிவாரிப்போட வேண்டும். அடுத்தடுத்த தடவைகளில் லேசாக நெளிந்துவிட்டு, 'சரிதான் போ' என்று தூங்கிவிட வேண்டும். வேண்டாத சத்தத்தை ஒதுக்கத் தெரிந்திருப்பது அந்தக் குட்டி மூளை ஒழுங்காக வளர்கிறது என்பதற்கு ஒரு நல்ல அடையாளம்.

அன்று ஜன்னலோரத் தொட்டிலின் முறை. இரண்டு மாதம் அவசரப்பட்டுப் பிறந்த பயல். இன்று தேறினால் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் இன்னும் பல சோதனைகள். அம்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அப்பா கணக்கு டியூஷன் வாத்தியார். தன் மாணவர்களின் பரீட்சைக்குக்கூட அவர் அப்படி வியர்த்ததில்லை.

அக்கா கிலுக்கினார். அசைவில்லை. மறுபடியும் கிலுக்கினார். இமைகூடத் துடிக்கவில்லை. அவருக்குத் திக்கென்றது. யாரிடமும் சொல்லமாட்டார், ஆனால் இந்தப் பயல்மேல் அவருக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம்.

"எதுக்கும் காதை ஒருதடவை பார்த்துடலாம்மா" என்றார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

வாத்தியார் முன்னால் வந்தார். "மேடம், அவனுக்குக் காது நல்லாக் கேக்குது."

"எப்படிச் சொல்றீங்க?"

அவர் சட்டைப்பையிலிருந்து புத்தம்புதுக் கிலுகிலுப்பை ஒன்றை எடுத்தார். "நேத்து பக்கத்துத் தொட்டில்ல நீங்க டெஸ்ட் பண்றதைப் பார்த்தேன். இவன் பயந்துடக் கூடாதேன்னு காலையில இருந்து கொஞ்சம் பிராக்டிஸ் குடுத்தேன். மொதல்ல துள்ளுனான். அப்புறம் கண்டுக்கவே இல்ல."

அக்காவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. கேள்வித்தாள் வருமுன்னே பயல் பரீட்சையை எழுதி முடித்துவிட்டான். ஆனாலும் அப்பா பேச்சை நம்பி வீட்டுக்கு அனுப்ப முடியுமா? அவன் சத்தத்தைக் கவனிப்பதை அக்காவே கண்ணால் பார்த்தாக வேண்டும்.

அதற்குள் அம்மா பொங்கிவிட்டாள். "உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? இத்தனூண்டுப் பிள்ளைக்கு டியூஷனா? உயிரே போயிடுச்சு எனக்கு."

தொட்டிலில் கிடந்தவன் கண்ணைத் திறந்தான். மெல்ல அம்மாவின் பக்கம் தலையைத் திருப்பினான்.

"நிறுத்தாதீங்க" என்று அக்கா கிசுகிசுத்தார். அம்மாவின் தோளைப் பிடித்து, பயல் கண்ணில் படாமல் சுற்றிக் கூட்டிப்போய்த் தொட்டிலின் மறுபக்கம் நிறுத்தினார். "மிச்சத்தை இங்கேர்ந்து திட்டுங்க."

"நீங்கெல்லாம் ஒரு வாத்தியார்..." என்று அம்மா ஆரம்பித்தாள். பயல் நெற்றியைச் சுருக்கினான். பெரிய பாரத்தைத் தூக்குகிறவன்போல் தலையைக் குரல் வந்த பக்கம் நகர்த்தினான். அதைப் பார்த்ததும் அம்மா திட்டுவதை விட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். அவனும் பாதி வழியில் நின்றுவிட்டான்.

வாத்தியார் வழிந்த கண்ணைத் துடைக்காமல் மனைவியைக் கையெடுத்துக் கும்பிட்டார். "திட்டு. என்னை இன்னும் நல்லாத் திட்டு."

அவள் அழுதுகொண்டே வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினாள். மகன் முழுசாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தான்.