பிளம்பரின் தாகம்

ஊருக்கெல்லாம் குழாய் போட்டுத் தண்ணீர் கொடுத்த மனிதரிடம், ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தொடாதே என்று சொல்லிவிட்டார்கள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் வார்டுக்குப் போய், ஜன்னலோரத்து நாலாம் நம்பர் மெஷினில் கிடக்க வேண்டும். ரத்தம் ஒரு குழாயில் வெளியே போகும். மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் அளவாக உப்புக் கலந்த தண்ணீர் ஓடும். அழுக்கை அதில் விட்டுவிட்டு, ரத்தம் இன்னொரு குழாயில் உடம்புக்குத் திரும்பும்.

பிளம்பர் பிறவிக் கோபக்காரர். கோணலாகப் போட்ட குழாயைக் கண்டால், அடுத்தவன் வீட்டுக் குழாயாக இருந்தாலும் நின்று திட்டிவிட்டுத்தான் நகருவார். அப்பேர்ப்பட்டவர் எடை மெஷின்மேல் ஏறும்போது மட்டும் திருடன் மாதிரி நின்றார்.

"போன தடவைக்கு இப்போ நாலரை கிலோ ஏறியிருக்கு. நீங்க மனுஷனா, தண்ணி லாரியா?" என்பார் வார்டு சிஸ்டர், எல்லாருக்கும் கேட்கும்படி.

"தாகமா இருக்கு சிஸ்டர்."

"எல்லாருக்கும்தான் தாகம். அவங்கல்லாம் அடக்கலையா?"

அடக்கத்தான் பார்த்தார். டயாலிசிஸ் முடிந்து வீடு வந்த சாயங்காலமே நாக்கு உப்புத்தாள் மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பொண்டாட்டி அளந்து வைத்த தண்ணீர் போதாது. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயில் வாய் வைத்துக் குடிப்பார். கேட்டால் குடிக்கவே இல்லை என்று சாதிப்பார். ஆனால் வீங்கின காலும், படுத்தால் இழுக்கிற மூச்சும் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"கிட்னி குடுக்கப் போறவ நான்," என்றாள் அவள். "வாயக் கட்டறதையாவது நீங்க செய்யக் கூடாதா?"

அவளுடைய சிறுநீரகம் அவருக்குப் பொருந்தும் என்று எல்லாச் சோதனையும் சொல்லியிருந்தது. அறுவை சிகிச்சைப் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. ஒரு நாள் டாக்டர் அதை எடுத்துவிட்டார்.

"தண்ணியவே அடக்க முடியாதவர் நாளைக்கு மாத்திரைய ஒழுங்கா போடுவாரா? நல்லா இருக்கறவங்க கிட்னிய எடுத்து நான் வீணாக்க முடியாதும்மா" என்று அவளிடம்தான் சொன்னார். பிளம்பர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஃபைலில் 'சொல்வதைக் கேட்பதில்லை' என்று ஏறியது. வீடு போய்ச் சேரும்வரை அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த வாரம் நாலாம் நம்பர் மெஷினில் ஏதோ கசிவு. அவரை இரண்டாம் நம்பரில் படுக்க வைத்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்தார். தாகம் எடுக்கவில்லை.

அடுத்த தடவை எடை பார்த்த சிஸ்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா? மனசு வச்சா முடியுது இல்ல?"

அந்தப் பாராட்டு, வாங்கின திட்டையெல்லாம் விட அதிகமாகச் சுட்டது. நான் எந்த மனசையும் வைக்கலையே என்று உள்ளுக்குள் பொருமினார். அன்று மறுபடி நாலாம் நம்பரில் படுத்தார். சாயங்காலம் நாக்கு மறுபடி உப்புத்தாளானது.

அவருக்கு அடுத்த ஷிஃப்டில் அதே மெஷினில் படுப்பவர் ஒரு டெய்லரம்மா. நடைபாதையில் பிளம்பர் அவரை மறித்துக் கேட்டார்.

"தங்கச்சி, உண்மையச் சொல்லு. தாகம் எப்படி?"

டெய்லரம்மா அக்கம்பக்கம் பார்த்தார். "கேக்காதீங்கண்ணே. பூந்தொட்டிக்கு வச்ச தண்ணியக்கூடக் குடிச்சிருக்கேன். வெளிய சொன்னா மானம் போயிடும்."

பிளம்பருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஒரே மெஷினில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் ஒரே சீக்கு. திட்டுக்குப் பயந்து இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை டெக்னீஷியன் பையன் ஊசி போட வந்தபோது பிளம்பர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இந்த மெஷின் தண்ணிய லேபுக்கு அனுப்பு. அப்புறம்தான் ஊசி."

பையன் திரையைத் தட்டிக் காட்டினான். "சோடியம் நூத்தி முப்பத்தெட்டு. கரெக்டா இருக்கு சார்."

"திரைக்கு தாகம் எடுக்காதுடா தம்பி. லேபுக்கு அனுப்பு."

"அடம் பிடிக்காதீங்க" என்று சிஸ்டர் குரலை உயர்த்தினார். பிளம்பர் அதைவிட உயர்த்தினார். வார்டே எழுந்து உட்கார்ந்தது. சத்தம் கேட்டு வந்த டாக்டர், சனியன் விட்டால் போதும் என்று ஒரு குப்பியில் பிடித்து அனுப்பச் சொன்னார்.

முடிவு வந்தது. சோடியம் நூற்று நாற்பத்தேழு. திரை காட்டியதைவிட உப்பு ஒன்பது கூடுதல்.

டாக்டர் அதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, பிளம்பரை நாற்காலியில் உட்கார வைத்து மெதுவாக விளக்கினார். மெஷின் உப்பை நேராக அளப்பதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, உப்பைக் கணக்குப் போடுகிறது. கொஞ்ச மாதம் முன்னால் அதைச் சரிபார்த்த கைமீட்டரே தப்பு. தப்பான மீட்டருக்கு ஏற்றபடி மெஷினை மாற்றி வைத்திருக்கிறார்கள். அந்தக் கூடுதல் உப்புதான் ரத்தத்தில் ஏறித் தாகத்தைக் கிளப்பியிருக்கிறது.

"மாசாமாசம் ரத்தம் எடுத்தீங்களே, அதுல தெரியலையா?"

"அது டயாலிசிஸுக்கு முன்னாடி எடுக்கறது. அதுக்குள்ள நீங்க குடிச்ச தண்ணி உப்ப ஈடுகட்டிடும்."

"அப்போ உப்ப ஏத்தினது நீங்க. தண்ணி ஊத்தி அணைச்சது நான். கெட்ட பேரு மட்டும் எனக்கு!"

"ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொல்லுவாங்க..." என்று டெக்னீஷியன் இழுத்தான்.

"சறுக்கினது ஆனை. நசுங்கினது நாங்கடா!"

டாக்டர் கையமர்த்தினார். "மெஷின சரி பண்ணிடறோம். ஒரு மூணு மாசம் உங்க எடையப் பாப்போம். ஒழுங்கா இருந்தா ஆபரேஷனப் பத்தி..."

"தப்பு பண்ணினது மெஷின். பரீட்சை எனக்கா?" பிளம்பர் ஃபைலைச் சுட்டிக் காட்டினார். "என் பொண்டாட்டி ஒடம்பக் கிழிச்சுத் தரேன்னு நிக்கறா. அவ எதிர்ல என்னைத் திருடனாக்கினீங்க. என்ன எழுதினீங்களோ அத அவ எதிர்லயே அடிங்க."

வெளியே பெஞ்சில் இருந்தவளைக் கூப்பிட்டார்கள். டாக்டர் நடந்ததைச் சொன்னார். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்து, அவர் பெயரைத் திரும்ப எழுதினார். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. புருஷனின் வீங்கின காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிஸ்டர் தணிந்த குரலில், "வாங்க, ரெண்டாம் நம்பர்ல போடறேன்" என்றார்.

"வரேன்," என்றார் பிளம்பர். நாற்காலியை விட்டு அசையவில்லை. "மொதல்ல டெய்லரம்மா ஃபைல எடுங்க."