அத்தையின் கடவுச்சொல்

அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் கறுப்புத் திரையில் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு, "அக்கா, கீபோர்டு வேலை செய்யலையா? ஒண்ணுமே விழ மாட்டேங்குது" என்று கேட்பார்கள். விழாது, அது அப்படித்தான், நம்பித் தட்டு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். இந்த ஒரு வார்த்தையைப் பன்னிரண்டு வயதில் என் அத்தையிடம் சொல்லாமல் விட்டேன். அதைவிடப் பெரிய தப்பு எதையும் நான் இதுவரை செய்ததில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகாமல் நாயுடுபுரத்தில் எங்களோடு இருந்தாள். ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் வருகிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. வெளியூர்க்காரர்கள் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, அவளும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவாள். வாயும் கையும் சேர்ந்து போனால்தான் பிழை வராதாம்.

அவளுக்கு டைரி எழுதும் பழக்கம் இருந்தது. ஒருநாள் அப்பா அதை எடுத்துப் படித்துவிட்டு அடுப்பில் போட்டார். அந்த விஷயம் அதோடு முடிந்துபோனதாக வீட்டில் பேசிக்கொண்டார்கள். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, போய்ப் படி என்றார்கள். அத்தை எழுதுவதையே விட்டுவிட்டாள்.

நான்தான் பெரிய மேதாவியாயிற்றே. பள்ளிக்கூடத்தில் கற்ற கொஞ்சத்தை வைத்து, வீட்டில் கிடந்த பழைய லேப்டாப்பில் அத்தைக்கு ஒரு டைரி செய்து கொடுத்தேன். அவளே வைத்துக்கொண்ட கடவுச்சொல்லைக் கேட்கும், சரியாக அடித்தால் திறக்கும். "அப்பா பாக்க முடியாதுல்ல?" என்று அவள் மூன்று தடவை கேட்டாள். ஒரே குறை, அடிக்கிற எழுத்தெல்லாம் திரையில் பளிச்சென்று தெரிந்தது. அத்தை அதைப் பெரிதுபடுத்தவில்லை. சால்வையைத் தலையோடு சேர்த்துத் திரைமேல் போர்த்திக்கொண்டு, உள்ளே குனிந்து சத்தமில்லாமல் அடிப்பாள். அந்தச் சால்வையே போதுமாக இருந்தது. எனக்குத்தான் அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது.

கம்ப்யூட்டர் சாரை நச்சரித்து, எழுத்தை மறைக்கும் வழியைக் கேட்டு வந்தேன். ஒரு வரி மாற்றம். அதன்பிறகு எழுத்து என்ன, ஒரு புள்ளிகூடத் திரையில் விழாது.

அன்று சாயங்காலம் நல்ல மழை. பெருமாள்மலையில் இருந்த கடையை வெள்ளனே அடைத்துவிட்டு வந்த அப்பா, கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "இனிமே சால்வையெல்லாம் வேணாம் அத்தை, அடிச்சுப் பாருங்க" என்று லேப்டாப்பை நீட்டினேன். விவரத்தைச் சொல்லவில்லை. அவள் ஆச்சரியப்படுவதைப் பார்க்க ஆசை.

அத்தை அடித்தாள். திரையில் ஒன்றும் இல்லை. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள்.

"என்ன பாப்பா, ஒண்ணும் விழலையே."

நான் சிரித்துக்கொண்டு நின்றேன். எத்தனை எழுத்து போனது என்று தெரியாமல் அவள் தடுமாறினாள். பிறகு லாட்ஜில் செய்கிற மாதிரியே, தன்னையறியாமல், ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லி அடிக்கத் தொடங்கினாள்.

"ஏ... என்... டி... ஓ... என்... ஒய்."

டைரி திறந்தது. நான் கைதட்டிக் குதித்தேன். "அந்தோணி! தாண்டிக்குடியிலருந்து காப்பி மூட்டை ஏத்திட்டு வருவாரே, அந்த ஜீப் மாமாதானே அத்தை? எனக்கு ஆரஞ்சு குடுப்பாரே!"

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னுமா?" என்றார். அத்தை லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

"காலையில கெளம்பிரு. பழனியில நம்ம அண்ணன் வீட்டுல கெட" என்றார் அப்பா.

அப்பா அவளைக் கைநீட்டி அடித்திருந்தால்கூட எனக்கு ஏதாவது புரிந்திருக்கும். யாரும் சத்தம்கூடப் போடவில்லை. இரண்டு மாதத்தில் பழனியிலேயே ஒரு பூஜைச் சாமான் கடைக்காரருக்கு அத்தையைக் கட்டிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அங்கே போனால் எனக்கு முதல் ஆளாகச் சோறு போடுகிறவள் அவள்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போய், சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

அந்த மழைக்கு மறுநாள் காலையில் அவள் சேலைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கோவமா அத்தை? பாஸ்வேர்டு தெரிஞ்சு போச்சுன்னுதானே? வெரசா மாத்திரலாம். வேற பேரு ஒண்ணு சொல்லுங்க."

அத்தை கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தாள். "வேற பேருக்கு நான் எங்க போக, பாப்பா?"

பேர் கிடைக்காததுதான் அவள் கஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன். நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, என் சிநேகிதிகள் பெயர், டீச்சர் பெயர், எங்கள் நாயின் பெயர் என்று வரிசையாகப் பத்துப் பெயர் எழுதிக் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ் நகரும்போது ஜன்னலோரம் ஓடிக்கொண்டே கத்தினேன்.

"கடைசிப் பேரை வைங்க அத்தை! அதுதான் சுலபம், மறக்கவே மறக்காது!"