நான் பார்த்ததாகச் சொன்ன யானை

காட்டு யானையை நேரில் பார்த்திருக்கிறேன் என்று நான் சொன்னது ஒரு வியாழக்கிழமை, மதிய இடைவேளைக்குச் சற்று முன்னால். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் முந்திவிட்டது. என் வாய்க்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம் உண்டு.

சண்டைக் காலம் அது. கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் அறை எடுத்து இருந்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தேன். போதாக்குறைக்குச் சுற்றாடல் கழகமும் என் தலையில். வகுப்பில் இருபத்தாறு பேர். பாதிப் பேர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பிள்ளைகள், துறைமுகத்தில் வேலை செய்பவர்களின் மகள்மார். மற்றப் பாதி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் சொந்தக்காரரோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தவர்கள். காடு என்பது இரண்டு பாதிக்கும் நான் கரும்பலகையில் கீறும் படம்தான். எனக்கும் அது அவ்வளவுதான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

கழகம் அதுவரை செய்த ஒரே பெரிய வேலை, வெள்ளவத்தை வாய்க்காலில் உயிரினக் கணக்கெடுப்பு. கொக்கு இரண்டு, கபரக்கொய்யா என்கிற பெரிய நீருடும்பு ஒன்று, பொலித்தீன் பை எண்ணி முடியவில்லை. பாலத்தடியில் நின்று கொப்பியில் என்ன எழுதுகிறீர்கள் என்று பொலிஸ்காரர் இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். நாங்கள் கபரக்கொய்யாவைக் காட்டினோம். அதுவும் சாட்சி சொல்ல வந்ததுபோல் தலையைத் தூக்கிப் பார்த்தது. சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த வியாழக்கிழமை யானைகளின் வழித்தடம் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். முன்வரிசை வாங்கில் இருந்த கட்டைப் பின்னல்காரி எழும்பினாள். நாலு மாதத்துக்கு முன்புதான் வவுனியா வழியாக வந்து சேர்ந்த பிள்ளை. வகுப்பில் அதிகம் வாய் திறக்க மாட்டாள்.

“மிஸ், நீங்கள் காட்டில யானை பாத்தனீங்களோ?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு வருடமாகக் காட்டைப் பற்றி முழங்கியவளுக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்ல மனம் வரவில்லை. “ஓம், பாத்தனான்” என்றேன். அதோடு விட்டேனா? “எப்பிடி இருந்தது மிஸ்?” என்று பின்வாங்கில் யாரோ கேட்க, பொய்க்குக் கையும் காலும் முளைத்தன. ஒற்றை யானை, இருபதடி தூரம், நான் தனியே. “ஓடக்கூடாது பிள்ளையள். அசையாமல் நிண்டு, அதின்ர கண்ணை நேராப் பாக்கோணும். நாங்கள் கெடுதல் செய்ய வரேல்லை எண்டு விளங்கினால் அது தானா விலகிப் போகும். போச்சுது.” கட்டைப் பின்னல்காரி அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அடுத்த கிழமையே பிள்ளைகள் கூட்டமாக வந்து நின்றார்கள். எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கோ மிஸ், யானை பாக்க. நீங்கள்தான் பக்கத்தில இருக்கிறீங்களே, என்ன பயம்?

அதிபர் சிஸ்டர் மறுப்பார் என்று நம்பித்தான் அவரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “யானைக்கு நான் பயப்பிடேல்லை. செக்பொயின்ற்றுக்குத்தான் பயப்பிடுறன். பேர், விலாசம், ஐசி நம்பர் எல்லாம் சிங்களத்தில எழுதி, பொலிசில சீல் வாங்கிக்கொண்டு வாரும். ஒரு பிள்ளைக்குக் கரைச்சல் வந்தாலும் உம்மட கழகம் அண்டைக்கே முடிஞ்சுது.” பொலிசாவது மறுக்கும் என்று பார்த்தேன். அங்கே இருந்த பொறுப்பதிகாரி, தன் மகளும் யானை யானை என்று அழுகிறாள் என்று சொல்லி, சீலைக் குத்திக் கையில் தந்துவிட்டார். நல்லவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டால் மனுஷி எங்கே போய் ஒளிவது?

ஒரு சனிக்கிழமை விடியமுன் புறப்பட்டோம், உடவளவைத் தேசியப் பூங்காவுக்கு. துணைக்குத் தையல் டீச்சர் வந்தா. பஸ் ஏறிய நிமிஷம் தொடங்கிய நித்திரையை அவிசாவளையிலும் விடவில்லை, இரத்தினபுரியிலும் விடவில்லை. சாரதி நுகேகொடைக்காரர், பிள்ளைகள் எல்லோருக்கும் அய்யே, சிங்களத்தில் அண்ணன். வழியில் ஐந்து செக்பொயின்ற், எல்லாம் ஆமியின் சோதனைச் சாவடிகள். ஐந்திலும் இறங்கி, வரிசையில் நின்று, ஐசி என்கிற அடையாள அட்டையைக் காட்டி, ஏறினோம். அது எங்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. பல் தீட்டுவதுபோல அன்றாட வேலை.

பூங்காவின் வாசலில் பஸ் நின்றது. காக்கி உடுப்புப் போட்ட ஒருவர் படியில் கால் வைத்து, கையை உயர்த்தி, “ஒக்கோம பஹின்ன” என்றார். எல்லோரும் இறங்குங்கள். எங்களுக்கு வழிகாட்ட வந்த வனக் காவலர் அவர். பைகளில் பொலித்தீன் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை.

அவர் அதைச் சொல்லி முடிக்கவில்லை. இருபத்தாறு பிள்ளைகளும் இறங்கி வீதியோரம் ஒரே வரிசையில் நின்றுவிட்டார்கள். பை திறந்தபடி காலடியில். வலக்கையில் ஐசி, படம் வெளியே தெரிய. அதற்குப் பின்னால் நாலாக மடித்த துண்டு, கொழும்பில் இருக்கும் தமிழர் பொலிசில் பதிந்ததற்குச் சாட்சி. முகத்தில் சிரிப்பில்லை, சத்தமில்லை. தையல் டீச்சரும் அரைத் தூக்கத்தில் இறங்கி ஐசியை நீட்டிக்கொண்டு நிற்கிறா. வரிசையின் முதல் ஆள் யார் என்று பார்த்தால், நான்.

காவலர் எங்களைப் பார்த்தார். பின்னால் யாராவது பெரிய அதிகாரி வருகிறாரோ என்று திரும்பியும் பார்த்தார். என் ஐசியை வாங்கி, இதை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் புரட்டி, இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். அய்யே பஸ்சிலிருந்து எட்டிப்பார்த்து, வழியில் ஐந்து செக்பொயின்ற் என்று அவருக்குச் சொன்னார். காவலரின் முகம் ஒருமாதிரிப் போய்விட்டது. பிறகு சிங்களத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: “உள்ளே வையுங்கள் பிள்ளைகள். இந்தக் காட்டுக்குள்ளே இருக்கிற ஒருவரிடமும் ஐசி இல்லை.”

கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. அவர்கள் முதலில் சிரித்தார்கள், மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தார்கள், பிறகு வரிசையே குலைந்து சிரித்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது, சிரிப்புத்தான் முந்திக்கொண்டது. அதற்குப் பிறகு பை சோதனை. தாய்மார் எல்லோரும் புட்டையும் சோற்றையும் வாழையிலையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பொலித்தீன் லஞ்ச் ஷீற்றில் சுற்றிய ஒரே ஒரு பார்சல் அகப்பட்டது. வெள்ளவத்தைக் கடையில் வாங்கிய இடியப்பம். கழகத்துக்குப் பொறுப்பான ஆசிரியையுடையது.

பலகை வாங்குகள் போட்ட திறந்த லொறியில் உள்ளே போனோம். காவலர் எனக்குப் பக்கத்தில் நின்றபடி வந்தார். ஓரிடத்தில் லொறியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, ஒரு யானை விட்டையைக் கையாலேயே உடைத்துக் காட்டினார். உள்ளே விளாம்பழ விதைகள். யானை உண்ட விளாங்கனி என்று நாங்கள் சும்மா பழமொழி சொல்கிறோம். அது தின்றது எங்கெல்லாம் போய் விழுந்து முளைக்கிறது என்பதை அன்றைக்குத்தான் நான் கண்ணால் கண்டேன். நாலு வருடப் பாடம், அந்த ஒரு கைப்பிடிக்குள் இருந்தது. பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள் என்று பார்த்தேன். ஆளாளுக்கு வாங்கி உடைத்தார்கள். “மிஸ், உங்கட யானைக்குக் கிட்டவும் இது கிடந்ததோ?” என்று ஒருத்தி கேட்டாள். நான் தூரத்தில் ஒரு மரங்கொத்தியைக் காட்டினேன்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பதெல்லாம் கோயில் யானைக்கு. காட்டில் யார் மணி கட்டுவது? ஒரு வளைவில் திரும்பினோம், பாதை நடுவே நின்றது. ஒற்றை யானை. என் பொய்யைக் கேட்டு அளவெடுத்துச் செய்ததுபோல, இருபதடி.

லொறி நின்றது. காவலர் விரலை உதட்டில் வைத்தார். “சத்தம் வேண்டாம். அசைய வேண்டாம்.”

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

கண்ணைப் பார் என்று வகுப்பெடுத்தவள்! காது மட்டும் திறந்திருந்தது. பாயை உதறுவதுபோல ஒரு சத்தம் கேட்டது, அதன் காது ஆடும் சத்தமாக இருக்க வேண்டும். பெரிய மூச்சொன்று வந்தது. நான் கைகளைக் கூப்பி, பிள்ளையாரே பிள்ளையாரே என்று முணுமுணுத்தேன். யானையிடமிருந்து காப்பாற்று என்று யானைமுகனையே கூப்பிட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது பாதை வெறுமையாக இருந்தது. ஓரத்தில் புல் ஆடிக்கொண்டிருந்தது.

காவலர் பிள்ளைகளை வியப்போடு பார்த்தார். எத்தனையோ பாடசாலைகளைக் கூட்டி வந்திருக்கிறாராம், யானையைக் கண்டதும் கத்தாத பிள்ளைகளை அவர் கண்டதில்லையாம். இப்படி அசையாமல் இருக்க யார் பழக்கியது, நீங்களா என்று என்னைக் கேட்டார். ஐந்து செக்பொயின்ற் தாண்டி வந்தவர்களை யார் பழக்கினார்கள் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? சும்மா சிரித்து வைத்தேன்.

திரும்பும் வழியில் பஸ்சுக்குள் சந்தை இரைச்சல். எல்லோருக்கும் யானை பற்றிச் சொல்ல இருந்தது. பின்வாங்கில் மட்டும் ஒரு குசுகுசுப்பு. லொறியில் எனக்கு எதிரே இருந்த இரண்டு பேர் என் மூடிய கண்களைப் பார்த்துவிட்டார்கள். “மிஸ் பயந்திட்டா” என்று ஒருத்தி சொல்ல, கட்டைப் பின்னல்காரி வெடுக்கென்று திரும்பினாள். “மிஸ் பயப்பிடேல்லை. கும்பிட்டுக்கொண்டு இருந்தவ.”

எனக்காக அவள் சண்டை பிடிப்பதை என்னால் தாங்க முடியவில்லை. எழும்பிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “பிள்ளையள், நான் காட்டு யானை பாத்ததே இல்லை. அண்டைக்குச் சொன்னது பொய். இண்டைக்கும் பாக்கேல்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்திட்டன்.”

பிறகு பஸ் அதிரச் சிரித்தார்கள். தையல் டீச்சரே எழும்பிவிட்டா. யானையின் இடக்காது ஓரம் கிழிந்திருந்தது மிஸ், முதுகில காய்ஞ்ச சேறு மிஸ், கொம்பு இல்லை மிஸ், கண் சின்னக் கண் மிஸ் என்று ஆளுக்கொரு துண்டாக யானையை எனக்குப் படிப்பித்தார்கள். அடிவாங்கத் தயாராக நின்றவளுக்கு அபிஷேகம். மனம் அப்படியே லேசாகிவிட்டது.

கட்டைப் பின்னல்காரி சிரிக்கவில்லை. யன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன்.

“செக்பொயின்ற்றில ஆமிக்காரன் என்ர ஐசிய வாங்கிப் பாக்கிற நேரம், நான் உங்கட யானையைத்தான் நினைக்கிறனான்” என்றாள், என்னைப் பாராமலே. “ஓடக்கூடாது, அசையக்கூடாது, கண்ணைப் பாக்கோணும், தானா விலகிப் போகும் எண்டு. நீங்கள் சொன்ன நாளில இருந்து அதைத்தான் நினைச்சு நிக்கிறன். இப்ப பொய் எண்டுறீங்கள்.”

என் வாழ்க்கையில் வாய் முந்தாத ஒரே சந்தர்ப்பம் அது. “என்னை மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை” என்றேன். அவள் திரும்பவில்லை. இரத்தினபுரியில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியபோதும் அவள் இறங்கவில்லை. மற்ற இருபத்தைந்து பேரின் சிரிப்பும் அதற்குப் பிறகு எனக்கு இனிக்கவில்லை.

நுகேகொடை தாண்டியதும் அன்றைய கடைசி செக்பொயின்ற். மாலை வெயில் இன்னும் இருந்தது. இறங்கினோம், வரிசையானோம், நீட்டினோம். என் முறை முடிந்து நான் தள்ளி நின்றேன். கட்டைப் பின்னல்காரியிடம் வந்த ஆமிக்காரன் அவள் வயதைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருப்பான். ஐசியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எங்கே போய் வருகிறீர்கள் என்றான். அவளுடைய சிங்களம் அரைகுறை. “உடவளவ” என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. “அலியாவ தெக்கத?” யானையைக் கண்டீர்களா?

செக்பொயின்ற்றில் நாங்கள் உண்மையைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை. எவ்வளவு உண்மை பேசினாலும் போதாத இடம் அது.

அவள் தலையை நிமிர்த்தி அவன் கண்ணை நேராகப் பார்த்தாள். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்: “தெக்கா, சேர். மிஸ் தமயி ஹொந்தட்டம தெக்கே.” கண்டோம். எல்லோரையும்விட நன்றாகக் கண்டது எங்கள் மிஸ்தான்.

இருபத்தைந்து பேரும் கொல்லென்று சிரித்தார்கள். ஏன் என்று தெரியாமலே அந்த ஆமிக்காரனும் சிரித்தான், அப்படியா மிஸ் என்று என்னைக் கேட்டான். அவள் இன்னும் கையை இறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஓவ்” என்றேன். ஓம்.

அவன் ஐசியைத் திருப்பிக் கொடுத்தான்.