முக்கால் சுண்டு அரிசி

புத்தூரில் ஒரு கலியாணவீடு. வெளிக்கிடும்போது சேலைச் சட்டையின் கொளுக்கியை மாட்டப் பார்த்தேன். இடது மார்பு அமுங்கவில்லை. வலது பக்கம் வழக்கம்போல இருந்தது. இடது பக்கம் மாங்காய்போல இறுகி, ஒரு விரற்கடை மேலேறியும் நின்றது. மூச்சை உள்ளே இழுத்துக் கொளுக்கியை மாட்டிக்கொண்டு கலியாணத்துக்குப் போனேன். பந்தியில் பாயசம் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்தேன். பயந்தவள் செய்கிற வேலையா இது என்று கேட்பீர்கள். பயந்தபடியால்தான் குடித்தேன்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. என் இரண்டு மார்பிலும் உள்வைப்பு (சிலிக்கோன் களி நிரப்பிய பை) இருக்கிறது. முதன்முதலில் வைத்தது இருபது வருடங்களுக்கு முன், பாரிசில். எங்கள் ஊர் உரும்பிராயில் இது தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் என் கணவரும்.

வருத்தம் தொடங்கிய நாட்களில், இதைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கைபேசியில் தேடினேன். விளம்பரம் இருந்தது. இப்படிச் செய்துகொள்ளும் பெண்களைத் திட்டி எழுதியதும் நிறைய இருந்தது. “எனக்கும் இப்படித்தான் நடந்தது” என்று ஒருத்தியும் எழுதவில்லை. அதனால் எழுதுகிறேன். பெயர் போடமாட்டேன். அவ்வளவு துணிச்சல் இன்னும் வரவில்லை.

முதலில் ஏன் வைத்தேன் என்பதைச் சொல்லிவிடவேண்டும். இரண்டு பிள்ளைகளும் பால் மறந்த பிறகு என் மார்பு வற்றிப்போயிற்று. இவர் ஒருநாள், தன்னோடு வேலை செய்பவரின் மனைவி இப்படிச் செய்துகொண்டதாகச் சொன்னார். முழுப் பழியையும் அவர் தலையில் போட்டுவிட்டு நான் நல்லபிள்ளையாக நிற்கமுடியாது. எனக்கும் விருப்பம் இருந்தது. பிள்ளைகளுக்கு முன்பு இருந்த உடம்பு திரும்ப வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

அப்போது எனக்கு மரக்கறி வாங்கும் அளவுக்குத்தான் பிரெஞ்சு தெரியும். வைத்தியர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். இவர் பதில் சொன்னார். வைத்தியர் திரும்பவும் என்னையே பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். அதற்கும் இவரே பதில் சொன்னார்.

“என்னவாம்?” என்று கேட்டேன்.

“ஒண்டுமில்லை. நல்லா வருமாம்” என்றார்.

நான் தலையாட்டினேன். கட்டு அவிழ்த்த நாளில் கண்ணாடியைப் பார்த்து, “ஐயோ, இது ஆரின்ரை?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். இவர் சிரித்தார். அன்றிலிருந்து மார்புக்கு மேலே சால்வை போடவும் தோளை முன்னுக்கு வளைத்து நடக்கவும் பழகினேன். முதல் இரண்டு வருடம் பரிசோதனைக்குப் போனேன். பிறகு வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று விட்டுவிட்டேன். நீங்கள் அப்படி விடாதீர்கள்.

நான்கு வருடங்களுக்கு முன், வாகனச் சாரத்தியம் செய்து முதுகு விழுந்துபோன இவர் ஊரோடு வந்துவிடவேண்டும் என்றார். பிள்ளைகள் அங்கேயே நின்றுவிட்டார்கள். முடிவு அவருடையது. பெட்டி கட்டியது நான்.

அந்தப் புத்தூர்க் கலியாணம் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான், உரும்பிராய்க்குக் கிட்டவுள்ள திருநெல்வேலியில் ஒரு பெண் வைத்தியரிடம் போனேன். அந்த மூன்று மாதமும் இடது பக்கம் இறுகிக்கொண்டே வந்தது. சரிந்து படுக்கமுடியாது. குனிந்து கூட்டமுடியாது. எனக்குள்ளே யாரோ கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நிற்பதுபோல இருந்தது.

வைத்தியரின் வாசல் வாங்கிலில் எங்கள் அடுத்த வீட்டு மலர் அக்கா இருந்தார். வேறெங்கும் இடமில்லாததுபோல!

“என்ன பிள்ளை, என்ன வருத்தம்?”

“பித்தப்பையில கல்லாம் அக்கா.”

அந்தப் பொய் எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது. மார்பு என்றால், நான் வீடு போய்ச் சேருமுன் புற்றுநோய் என்று கதை போய்விடும். உண்மையைச் சொன்னால் அதைவிட மோசம். ஆகவே கல்லோடு உள்ளே போனேன்.

வைத்தியருக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். ஸ்கான் படத்தைக் காட்டி விளங்கப்படுத்தினார். உடம்புக்குள் அந்நியப் பொருள் ஒன்று வந்தால் உடல் அதைச் சுற்றித் தானே ஒரு தோல் கட்டிக்கொள்ளும். சிலருக்கு அந்தத் தோல் தடித்து உள்ளே இருப்பதை நெரிக்கும். இதற்கு உறை இறுக்கம் என்று பெயர். எனக்கு உள்ளே பையும் கிழிந்திருப்பதுபோலப் படத்தில் தெரிந்தது.

“புற்றுநோய் மாதிரித் தெரியேல்லை, அம்மா. ஆனா எடுக்கத்தான் வேணும். எத்தினை சீசீ வைச்சவை?” (சீசீ என்பது கொள்ளளவு. ஒரு சீசீ ஒரு மில்லிலீற்றருக்குச் சமம்.)

“தெரியாது, டொக்டர்.”

“அளவு எழுதின அட்டை ஒண்டு தந்திருப்பினமே?”

“அதுவும் தெரியாது.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பட்ட கத்தியைவிட அந்தப் பார்வைதான் எனக்குப் பட்டது. என் செருப்பின் அளவு எனக்குத் தெரியும். வீட்டுக் குக்கரின் அளவு தெரியும். இருபது வருடம் நெஞ்சில் சுமந்ததன் அளவு தெரியாது.

வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். இரும்பு அலுமாரியைத் திறந்து, காணி உறுதியும் கடவுச்சீட்டுகளும் வைத்திருக்கும் கோப்பிலிருந்து இரண்டே நிமிடத்தில் எடுத்துத் தந்தார். சின்ன அட்டை. முன்னூற்று இருபத்தைந்து என்று இருந்தது.

“இவ்வளவு நாளும் இது இஞ்சையோ கிடந்தது?”

“பத்திரமா வைச்சிருந்தனான்” என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

அடுத்தநாள் இவர் கோயில் கூட்டத்துக்குப் போனதும் குசினிக் கதவைச் சாத்தினேன். அரிசி அளக்கும் சுண்டை எடுத்து, மில்லிலீற்றர் கோடு போட்ட சாடியில் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தேன். எங்கள் வீட்டுச் சுண்டு இருநூற்றைம்பது கொள்ளும். ஒரு சுண்டும் கால் சுண்டும் அதன்மேல் ஒரு சின்னப் பிடியும் அரிசி எடுத்து, பொலித்தீன் பையில் போட்டு, பழைய காலுறை ஒன்றுக்குள் இறக்கி முடிந்தேன். உள்ளங்கையில் வைத்தேன். இதையா இவ்வளவு காலம் சுமந்தேன் என்று கோபம் வந்தது. பக்கத்துக்கு ஒன்று வேறு!

முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி எடுத்தேன். திரும்ப முடிந்து, கண்ணை மூடிக் கையில் வைத்தேன். இல்லை. இன்னொரு பிடி. அதுவும் இல்லை. இப்படி எத்தனை தரம் அவிழ்த்து முடிந்தேன் என்று நினைவில்லை. முக்கால் சுண்டில் கை நின்றது. பிள்ளைகளுக்கு முந்திய என்னை என் கைக்குத் தெரிந்திருந்தது. குசினி நிலத்தில் இருந்து கொஞ்சநேரம் அழுதேன். பிறகு காலுறையைக் கைப்பைக்குள் வைத்தேன்.

ஏன் ஒரேயடியாக எடுத்துவிடக்கூடாது என்று கேட்பீர்கள். என்னையே நான் பலதரம் கேட்டேன். பலர் அப்படிச் செய்கிறார்கள். அவர்களுக்கு அது சரி. எனக்கு மார்பு வேண்டும். அதற்கு வேறு நியாயம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

கொழும்பில் அறுவை வைத்தியர் சிங்களவர். ஆங்கிலத்தில் மெதுவாகக் கதைத்தார். பாதி பிடிபட்டது. மீதியை இவர் சொன்னார். காந்த ஸ்கானில் (காந்தத்தால் உள்ளே படமெடுப்பது) கிழிசல் உறுதியாகிவிட்டது. பழையதையும் அதைச் சுற்றிய உறையையும் எடுக்கவேண்டும். பிறகு வெறுமையாக விடலாம், அதே அளவு வைக்கலாம், சிறிதாக வைக்கலாம். இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் கதிரையை என் பக்கம் திருப்பி, எனக்கு என்ன அளவு விருப்பம் என்று கேட்டார். அது எனக்கு முழுதாகவே விளங்கியது.

“சேம் சைஸ், டொக்டர்” என்றார் இவர். பிறகு என் பக்கம் திரும்பி, “பழகின அளவுதானே. நீர் யோசியாதையும்” என்றார்.

எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். எங்கே போவது? கைப்பையைத் திறந்து காலுறையை எடுத்து மேசையில் வைத்தேன். முடிச்சு சற்று இளகி, நாலைந்து அரிசி வைத்தியரின் கடதாசிகளில் சிந்தியது.

“என்னப்பா இது?”

“அரிசி.”

“அது தெரியுது. ஏன்?”

“இவ்வளவுதான் வேணும் எண்டு சொல்லுங்கோ. நான் சொன்னதை மட்டும் சொல்லுங்கோ.”

இவரின் முகம் கறுத்துப்போயிற்று. ஆனாலும் வைத்தியரிடம் சொன்னார். சரியாகத்தான் சொன்னார்; அந்தளவு ஆங்கிலம் எனக்குப் பிடிபடும். வைத்தியர் காலுறையைக் கையில் எடுத்து நிறை பார்த்தார். சிரிக்கவில்லை. அரிசிக் கணக்கு அப்படியே சரிவராது, நெஞ்சின் அகலம் பார்க்கவேண்டும், என் சொந்தச் சதையையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும் என்றார். நாடாவால் அளந்துவிட்டு, இலாச்சியிலிருந்து இரண்டு மாதிரிப் பைகளை எடுத்துத் தந்தார். கண்ணை மூடி இரண்டையும் மாறிமாறிப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றை நீட்டினேன். நூற்றுத் தொண்ணூறு.

சிறிதாக வைத்தால் தோல் கொஞ்சம் தொய்யும் என்று எச்சரித்தார். தொய்யட்டும். ஐம்பத்தொரு வயதில் தொய்வதற்கு எனக்கு உரிமை இருக்கிறது.

அறுவைச் சிகிச்சை பிழையில்லாமல் முடிந்தது. எடுத்த உறையைப் பரிசோதித்ததில் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. இரண்டு பக்கமும் வடிகுழாய் (உள்ளே ஊறும் நீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) இரண்டு நாள் இருந்தது. இறுக்கமான மார்புக்கச்சை ஆறு வாரம். கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது. நிமிர்ந்து சாய்ந்தபடிதான் நித்திரை. வீட்டுக்குள்ளேயே இருந்தேன். சுவரில் இருந்த பல்லிகளுக்கெல்லாம் என்னைத் தெரிந்திருக்கும்.

பொய்க்குத் தண்டனை மலர் அக்கா வடிவில் வந்தது. எண்ணெய் இல்லாத கறியும் கஞ்சியுமாக நாள் தவறாமல் கொண்டுவந்தார்.

“பித்தப்பைக்கு ஒப்பரேசன் செய்தாக் கை தூக்கேலாதோடி பிள்ளை?”

“நரம்பு பிடிச்சிட்டுது அக்கா.”

“எண்ணெய் தொடாதை, கண்டியோ.”

இன்றுவரை அவர் முன்னால் நான் வடை தொட்டதில்லை.

கை தூக்கமுடியாததால் காலையில் இவர்தான் என் தலையை வாரிப் பின்னினார். முப்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. சிக்கெடுக்கத் தெரியாமல் இழுப்பார். நான் கத்துவேன். “பொறும், பொறும்” என்பார். ஒரு காலை, பின்னலின் பாதியில் அவர் கை நின்றது.

“பாரிசில அந்த டொக்டர் ரெண்டு தரமும் உம்மைத்தான் கேட்டவர்” என்றார்.

“என்ன கேட்டவர்?”

“உமக்கு எவ்வளவு விருப்பம் எண்டு. நான் சொன்ன அளவு உம்மடை உடம்புக்குப் பெரிசு, சின்னனா வைப்பம் எண்டும் சொன்னவர். நான் அதை உமக்குச் சொல்லேல்லை.”

என் முடி அவர் கையில் இருந்தது. திரும்பிப் பார்க்கவும் ஏலாது, கையை ஓங்கவும் ஏலாது. இருபது வருடம் நான் திட்டியது அந்த வைத்தியரைத்தான். என்னைப் பார்த்து, என் உடம்பை அளந்து, அவர்தான் அப்படி முடிவு செய்தார் என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் தையல் போட்ட இடமெல்லாம் இழுத்தது.

“ஏனப்பா?” என்று மட்டும் கேட்டேன்.

“அப்ப எனக்கு உது பெரிய விசயமாத் தெரியேல்லை.”

“இப்ப?”

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“பின்னி முடியுங்கோ. மலரக்கா வரப்போறா” என்றேன்.

அவர் பின்னி முடித்தார். கோணலாக இருந்தது. நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை. கை எழுந்த அன்றே தலையை நானே வாரிக்கொண்டேன்.

இப்போது சரிந்து படுக்கிறேன். சில காலைகளில் எழும்பும்போது, இல்லாத பாரத்தைத் தாங்க என் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. தோள் நிமிர்ந்துவிட்டது. ஆனாலும் படலையில் யாராவது கூப்பிட்டால் பழையபடி முன்னுக்கு வளைகிறது. அதற்கு இன்னும் செய்தி போகவில்லை.

இதுவும் சாகும்வரைக்கும் என்று வைத்ததல்ல. வருடந்தோறும் பார்க்கவேண்டும், ஒருகாலம் திரும்ப மாற்றவேண்டியும் வரலாம் என்று கொழும்பு வைத்தியர் சொல்லி அனுப்பினார். முந்தியதுபோல இருபது வருடம் போனால் எனக்கு எழுபத்தொன்று. அப்போது இவர் பக்கத்தில் இருப்பாரோ தெரியாது. பிள்ளைகள் என்னை எந்த நாட்டுக்குக் கூட்டிப்போய் எந்த வைத்தியருக்கு முன்னால் இருத்துவார்களோ, அதுவும் தெரியாது.

புதிய அட்டையை இவர் காணி உறுதியோடு வைக்கப்போனார். வாங்கி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அட்டை தொலைந்தாலும் பரவாயில்லை. நூற்றுத் தொண்ணூறு என்று தமிழில் சொல்வேன். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சிங்களத்திலும் சொல்லப் பழகி வைத்திருக்கிறேன்.